படத்தைக் கடைசியில் பாருங்கள்: வெப்பமண்டலப் பறவைக் கையேடுகளை வாசிக்கும் முறை

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் டப்பாகுலோ என்றொரு பறவைக் குடும்பம் உண்டு. அதில் சைட்டலோபஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுள்ள, கரும்சாம்பல் நிறப் பறவைகள். மூங்கில் புதர்களுக்கு அடியிலும் பாசி படிந்த வேர்களுக்கு இடையிலும் எலியைப் போல ஓடித் திரியும் இவை, வெளிச்சத்துக்கு வருவது அரிது. ஈக்வடார் அல்லது பெரு நாட்டின் பறவைக் கையேட்டில் இவற்றுக்கான பக்கத்தைத் திறந்தால், ஓவியர் ஒரே பறவையைத் திரும்பத் திரும்ப வரைந்துவிட்டாரோ என்ற ஐயம் எழும். ஓவியர் தவறு செய்யவில்லை. அந்தப் பறவைகள் உண்மையில் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் மலைச்சரிவில் தனக்கென ஓர் உயரத்தில் வாழ்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்த குரல் இருக்கிறது. அந்த உயரத்தையும் குரலையும் படம் சொல்லாது, பக்கத்தில் உள்ள நான்கு வரிகள் சொல்லும்.

பறவைக் கையேட்டைப் புதிதாகக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் செய்வது, பார்த்த பறவையைப் போன்ற படம் கிடைக்கும்வரை பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போவதுதான். இங்கிலாந்தின் ஒரு தோட்டத்தில் இந்த வழி ஓரளவு பலிக்கக்கூடும். வெப்பமண்டல நாடுகளில் பலிக்காது. அது ஏன் என்பதையும், அந்தப் புத்தகங்கள் எப்படி உருவாகின்றன, எந்த வரிசையில் அவற்றை வாசிக்க வேண்டும் என்பதையும் இந்தக் கட்டுரை தொடக்கநிலை வாசகருக்காக விளக்குகிறது.

முதலில் கையேடு என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பறவைகளின் ஓவியங்கள் கொண்ட நூல்கள் எல்லாம் கையேடுகள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த படநூல்கள், புதிதாக அறியப்பட்ட பறவைகளை அறிவுலகத்துக்கு அறிமுகப்படுத்துவதற்காக வெளியிடப்பட்டவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1843 முதல் 1847 வரையிலான ஆண்டுகளில் சென்னையிலிருந்து வெளியிட்ட படநூல் அத்தகையது. ஐம்பது ஓவியங்கள் கொண்ட அந்த நூலில் பெரும்பாலானவை தென்னிந்தியப் பறவைகள்; இந்திய ஓவியர்களின் கைவண்ணமும் அதில் உண்டு. மேசையில் விரித்து வைத்துப் பார்க்க வேண்டிய நூல் அது. அதை எடுத்துக்கொண்டு யாரும் காட்டுக்குப் போகவில்லை. பறவையை அடையாளம் காண வேண்டுமானால் சுட்டு வீழ்த்தி, கையில் வைத்து அளந்து பார்ப்பதுதான் அக்கால வழக்கம்.

உயிரோடு, தொலைவில், சில விநாடிகள் மட்டுமே தென்படும் பறவையை அதன் போக்கிலேயே விட்டுவிட்டு இனம் காண்பதற்கு வேறு வகையான புத்தகம் தேவைப்பட்டது. 1934இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட சிறிய நூல் அந்தத் தேவையை நிறைவேற்றியது. ஒத்த தோற்றமுள்ள பறவைகளை ஒரே பக்கத்தில், ஒரே பக்கவாட்டு நிலையில், ஒன்றுக்கொன்று அருகில் வரைந்து, எந்த இடத்தில் அவை வேறுபடுகின்றனவோ அந்த இடத்தை மட்டும் சிறு கோட்டினால் சுட்டிக்காட்டியதுதான் அவர் செய்த புதுமை. வாலின் ஓரத்தில் வெள்ளை இருக்கிறதா, சிறகில் பட்டை இருக்கிறதா, கண்ணுக்கு மேல் புருவக்கோடு இருக்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொடுத்த நூல் அது. இன்றுள்ள கள வழிகாட்டி நூல்கள் யாவும் ஏதோ ஒரு வகையில் இந்த முறைக்குக் கடன்பட்டவை.

வெப்பமண்டலத்துக்கு இந்த மரபு சிறிது சிறிதாக வந்து சேர்ந்தது. 1936இல் மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்று வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பறவையியலாளர். பெயர் ஜேம்ஸ் பாண்ட். ஜமைக்காவில் வீடு வைத்திருந்த இயான் ஃப்ளெமிங், பறவை பார்ப்பதில் ஆர்வம் கொண்டவராதலால் அந்த நூலை அறிந்திருந்தார். தம் உளவாளிக் கதாநாயகனுக்குப் பெயர் தேடியபோது அந்த அட்டையில் இருந்த பெயரையே எடுத்துக்கொண்டார். இந்தியாவில் 1941இல் சாலிம் அலியின் நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் வெளியிட்டது. இலங்கையில், கொழும்பு அருங்காட்சியகத்தில் பூச்சியியலாளராகப் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, தாமே எழுதித் தாமே படமும் வரைந்த இலங்கைப் பறவைகள் நூல் 1955இல் வந்தது. எழுதுபவரும் வரைபவரும் ஒருவராகவே இருக்கும்போது சொல்லுக்கும் படத்துக்கும் இடையே விரிசல் விழுவதில்லை என்பதை ஹென்றியின் நூலைப் பார்ப்பவர்கள் உணர்வார்கள்.

இனி, வெப்பமண்டலத்தின் சிக்கலுக்கு வருவோம். ஈக்வடாரின் பரப்பளவு தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும். அந்தச் சிறிய நாட்டில் 1,600க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. இது இந்தியா முழுவதிலும் உள்ள எண்ணிக்கையைவிட அதிகம். கொலம்பியாவில் 1,900ஐத் தாண்டுகிறது. உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இனங்கள் இல்லை. இந்தப் பெருக்கத்துக்கு முதன்மையான காரணம் ஆண்டிஸ் மலை. கடலோரத்திலிருந்து பனிமூடிய சிகரம்வரை ஏறினால் வெப்பம், ஈரம், மரவகை எல்லாம் அடுக்கடுக்காக மாறுகின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய பறவைகள் இருக்கின்றன. இடையில் ஆழமான பள்ளத்தாக்குகள் குறுக்கிட்டு மலையின் ஒரு பக்கத்தை மறுபக்கத்திலிருந்து பிரித்துவிடுவதால், ஒரே முன்னோரிலிருந்து வந்த பறவைகள்கூட இருபுறமும் நெடுங்காலம் தனித்து வாழ்ந்து வெவ்வேறு இனங்களாகிவிட்டன.

இவ்வளவையும் ஒரே புத்தகத்துக்குள் அடக்குவது எளிதல்ல. 2001இல் வந்த ஈக்வடார் நூல் இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது: பரவல், வகைப்பாடு முதலிய ஆய்வுச் செய்திகள் ஒரு தொகுதியில், களத்தில் இனம் காண்பதற்கானவை மற்றொரு தொகுதியில். தெற்காசியாவுக்காகப் பமேலா ராஸ்முசென் எழுதி 2005இல் வந்த நூலும் இப்படியே இரு தொகுதிகளாக அமைந்தது. ஒன்று பைக்குள் போகும், மற்றொன்று வீட்டு அலமாரியில் இருக்கும். இரண்டு தொகுதி என்றதும் எதை வாங்குவது என்று தயங்குபவர்கள் முதலில் களத் தொகுதியையே வாங்கலாம்.

பக்க அமைப்பிலும் இரண்டு வகை உண்டு. பழைய நூல்களில் வண்ண ஓவியங்களைத் தனியான வழவழப்பான தாளில் அச்சிட வேண்டியிருந்ததால், அவற்றை எல்லாம் நடுவில் ஒரே கட்டாகச் சேர்த்துவிடுவார்கள். விளக்கம் நூறு பக்கம் தள்ளி எங்கோ இருக்கும். ஒரு விரலை ஓவியத்திலும் மற்றொரு விரலை விளக்கத்திலும் செருகி வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். புதிய நூல்களில் வலப்பக்கம் ஓவியம், இடப்பக்கம் விளக்கமும் பறவை வாழும் இடங்களை வண்ணத்தில் காட்டும் வரைபடமும் என்று எதிரெதிரே அமைகின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டாவது வகையே நல்லது. ஆனால் அதில் ஓர் இழப்பும் உண்டு: ஒரு பறவைக்கு ஐந்தாறு வரிகளுக்கு மேல் இடம் கிடைக்காததால், கூடு, உணவு, நடத்தை போன்றவை பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

கேமராக்கள் இவ்வளவு முன்னேறிய பிறகும் ஏன் ஓவியம் என்று பலர் கேட்கிறார்கள். நிழற்படம் ஒரு பறவையை, ஒரு விநாடியில், ஒரு வெளிச்சத்தில் காட்டுகிறது. மாலை வெயிலில் எடுத்த சாம்பல் பறவை பழுப்பாகத் தெரியும். மழைக்காட்டின் இலைகளுக்கு ஊடே எடுத்தால் பச்சை படியும். ஓவியரோ அந்த இனத்தின் பல பறவைகளைப் பார்த்து, அவற்றுக்குப் பொதுவானது எதுவோ அதை வரைகிறார். பத்துப் பறவைகளையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே பக்கம் பார்த்தவாறு, ஒரே அளவு விகிதத்தில் நிறுத்துவது ஓவியத்தில்தான் இயலும்.

அந்த ஓவியத்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் அருங்காட்சியக இழுப்பறைகளில் இருக்கிறது. நூறாண்டு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சேகரித்து, பஞ்சடைத்துப் பாடம் செய்த பறவைத் தோல்கள் அங்கே வரிசையாக, மல்லாந்து கிடக்கும். இறகின் நிறமும் அளவும் அவற்றில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் கண், அலகு, கால், கண்ணைச் சுற்றிய வெற்றுத்தோல் ஆகியவற்றின் நிறம் இறந்த சிறிது காலத்திலேயே மங்கிவிடும். கண் இருந்த இடத்தில் பஞ்சுதான் தெரியும். அதனால்தான் நல்ல சேகரிப்பாளர்கள் பறவை கையில் கிடைத்த உடனே, காலில் கட்டும் சிறு சீட்டில் கண் என்ன நிறம், அலகு என்ன நிறம் என்று எழுதிவைத்தார்கள். அந்தச் சீட்டு இல்லாத பறவையை வரையும் ஓவியர் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகம் எவ்வளவு தொலைவுக்கு இட்டுச்செல்லும் என்பதற்குச் சொர்க்கப் பறவையே சான்று. நியூ கினி வட்டாரத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வணிகத்தில் வந்த அதன் தோல்கள் கால்கள் நீக்கப்பட்டே வந்தன. அவற்றை மட்டுமே கண்டவர்களிடையே, இந்தப் பறவைக்குக் காலே இல்லை, அது வானத்திலேயே மிதந்து வாழ்கிறது என்ற கதை பரவியது. 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் இட்டபோது காலற்றது என்று பொருள்படும் அப்போடா என்ற சொல்லையே வைத்தார். இன்றும் அதன் பெயர் அதுதான்.

சரி, புத்தகம் கையில் இருக்கிறது, பறவை எதிரில் இருக்கிறது. எங்கே தொடங்குவது? ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில், கொடைக்கானலுக்கு அருகே ஒரு சோலைக்காட்டின் ஓரத்தில் நண்பர் ஒருவருடன் நின்றிருந்தேன். காலை ஆறரை மணி இருக்கும். உதிர்ந்த இலைகளின் மேல் ஒரு சிறிய பறவை தத்தி வந்தது. மேலெல்லாம் ஆழ்ந்த நீலம், கண்ணுக்கு முன்னே சிறிய வெண்புருவம், வயிற்றில் வெள்ளை. நண்பர் தெற்காசியக் கையேட்டைத் திறந்து நீலப் பறவைகள் உள்ள பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். இமயமலையின் பறவைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் ஓரளவு பொருந்துவது போலவே தோன்றியது. ஒன்றையும் முடிவுசெய்ய முடியாமல் அவர் நிமிர்ந்தபோது பறவை போய்விட்டது.

படத்தை விட்டுவிட்டு வரைபடத்திலிருந்து தொடங்கினால் இதே தேடல் எப்படிச் செல்லும் என்று பாருங்கள். எந்தப் பறவையின் வரைபடத்தில் பழனி மலைக்கு வண்ணம் தீட்டப்படவில்லையோ அவற்றை எல்லாம் முதலிலேயே விலக்கிவிடலாம். அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை அத்துடன் போய்விடும். இமயத்திலிருந்து குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வரும் நீல ராபின் மிஞ்சும். அதற்கும் வெண்புருவம் உண்டு. ஆனால் அது வலசை வரும் பறவை. மே மாதத்தில் இமயத்துக்குத் திரும்பியிருக்கும் என்பதை வரைபடத்தில் உள்ள குளிர்கால நிறம் சொல்லிவிடும். எஞ்சுபவை இரண்டு சோலைக்கிளிகள். கிளி என்று பெயரில் இருந்தாலும் இவை கிளிகள் அல்ல, தரையோரம் வாழும் சிறு பறவைகள். ஒன்று நீலகிரியில், அதாவது பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழ்வது. விலாவில் செம்பழுப்பு படர்ந்தது. மற்றொன்று கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி முதலிய மலைகளில் வாழ்வது; வெள்ளை வயிறு கொண்டது. குளிர்ந்த சோலைகளை விட்டு இறங்காத இந்தப் பறவைகளுக்குத் தாழ்வான அந்தக் கணவாய் ஒரு கடலைப் போன்றது. நாங்கள் நின்ற இடம் பழனி மலை. ஆக, ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்பே விடை ஏறக்குறைய ஒன்றாகக் குறுகிவிட்டது. இனி ஓவியத்தைத் திறந்து வெள்ளை வயிறு இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தால் போதும்.

இடம், உயரம், மாதம், வாழிடம் ஆகியவற்றால் முதலில் விலக்கிக்கொண்டே வந்து, எஞ்சிய இரண்டு மூன்றுக்கு இடையே தீர்ப்புச் சொல்வதற்கு மட்டும் படத்தை அழைப்பதுதான் வெப்பமண்டலக் கையேட்டை வாசிக்கும் முறை. விளக்கத்தில் இத்தனை மீட்டரிலிருந்து இத்தனை மீட்டர்வரை என்று தரப்படும் உயர எல்லையைப் புதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை. மலைநாட்டில் அதைவிடப் பயனுள்ள வரி புத்தகத்தில் வேறில்லை. வரைபடத்தில் எந்த நிறம் ஆண்டு முழுவதும் இருப்பதையும், எது குளிர்கால வரவையும் குறிக்கிறது என்பது நூலுக்கு நூல் மாறும். ஆகவே முன்னுரைப் பக்கங்களை வாசிக்காமல் தாண்டக் கூடாது. வரைபடத்தில் வெற்றாக இருக்கும் இடம் பறவை இல்லாத இடம் என்றே எப்போதும் கொள்ளவும் வேண்டாம். காடு அடர்ந்து பாதை இல்லாத பகுதிகளில், பார்ப்பதற்கு யாரும் போகவில்லை என்பதும் அந்த வெற்றிடத்தின் பொருளாக இருக்கலாம்.

அடுத்தது குரல். மழைக்காட்டில் பறவையைக் காண்பதைவிடக் கேட்பதே மிகுதி. தென் அமெரிக்காவில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது. எறும்புப் பறவைகள், கொடுங்கோல் ஈப்பிடிப்பான்கள், நாம் தொடக்கத்தில் கண்ட டப்பாகுலோக்கள் ஆகியவை அடங்கிய பெரிய பிரிவில் பாட்டு பெரும்பாலும் பிறவியிலேயே அமைகிறது. நம் ஊர்க் கருங்குருவியோ மைனாவோ தன் இனத்தைக் கேட்டுக் கேட்டுப் பாடக் கற்பதால் அதன் பாட்டு இடத்துக்கு இடம் மாறும். டப்பாகுலோவின் பாட்டு அப்படி மாறுவதில்லை. இரண்டு இடங்களில் பாட்டு தெளிவாக வேறுபட்டால், அவை இரண்டு இனங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். 1997இல் நீல்ஸ் கிராப்பே, தாமஸ் சுலன்பர்க் ஆகிய இருவரும் ஈக்வடாரின் சைட்டலோபஸ் பறவைகளைக் குரலை முதன்மையான சான்றாகக் கொண்டு வரிசைப்படுத்தி, மூன்று புதிய இனங்களையும் அறிவித்தார்கள். நூலில் ஒரே மாதிரித் தெரியும் அந்தப் படங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த உழைப்பு.

அதே சுலன்பர்க் உள்ளிட்ட ஐந்து ஆசிரியர்கள் எழுதிய பெரு நாட்டுக் கையேடு 2007இல் வெளிவந்தது. சுமார் 1,800 இனங்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியப் பக்கங்கள். ஐவரில் ஒருவர் டெட் பார்க்கர். ஆயிரக்கணக்கான பறவைகளைக் குரலைக் கொண்டே இனம் காணும் ஆற்றல் படைத்த அவர், 1993இல் ஈக்வடாரில் காடுகளை ஆய்வு செய்யச் சென்றபோது விமான விபத்தில் இறந்தார். அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நூலின் அட்டையில் அவர் பெயரும் இருக்கிறது. இது வெறும் மரியாதைக்காக இட்ட பெயர் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வெப்பமண்டல நாட்டின் பறவைக் குரல்களைக் காட்டில் நின்று கேட்டு, பதிவுசெய்து, பிரித்தறிவதற்கு ஒருவரின் வாழ்நாள் உழைப்பு தேவைப்படுகிறது. நூலில் அது குரல் என்ற தலைப்பின் கீழ் ஒன்றரை வரியாகச் சுருங்குகிறது.

அந்த ஒன்றரை வரியை நாம் எப்படி வாசிப்பது? குரலை ஆங்கில எழுத்துகளில் பெயர்த்திருப்பார்கள். தமிழ்க் காதுக்கு அது பெரும்பாலும் எட்டாது. ஆனால் நம் மொழியில் பறவைப் பெயர்கள் பலவும் குரல்பெயர்ப்புகள்தாம். குக்குறுவான் என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தால் அதன் அழைப்பே ஒலிக்கும். காக்கை, குயில், அக்காக்குயில் எல்லாம் அப்படி வந்தவை. எனவே கையேட்டின் ஓரத்தில், உங்கள் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே தமிழில் பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விலைகொடுத்து வாங்கிய நூலில் எழுதுவதா என்று தயங்க வேண்டாம். செல்பேசிச் செயலிகளில் குரல் பதிவுகள் கிடைக்கின்றன, அவற்றையும் கேளுங்கள். ஆனால் கேட்டதை நீங்களே ஒருமுறை எழுத்தாக்கினால்தான் அது நினைவில் தங்கும்.

இன்னும் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பறவைகள் நூலில் அகர வரிசையிலோ நிற வரிசையிலோ இருப்பதில்லை, உறவு வரிசையில் இருக்கின்றன. அந்த உறவு பற்றிய அறிவு மாறும்போது வரிசையும் மாறுகிறது. ஃபால்கன் குடும்பத்து வல்லூறுகள் பருந்து, கழுகுகளைவிடக் கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்கும் நெருங்கிய உறவினர் என்று 2008இல் வந்த பெரிய மரபணு ஆய்வு காட்டியதால், புதிய நூல்களில் அவை பருந்துகளை விட்டுப் பிரிந்து கிளிகளுக்கு அருகே போய்விட்டன. பழைய நூலில் பழகியவர்கள் தேடித் திகைப்பது இதனால்தான். பெயர்களும் மாறும்: முன்பு ஒரே இனமாகக் கருதப்பட்ட சோலைக்கிளிகள் பிறகு இரண்டாகப் பிரிக்கப்பட்டன, 2017இல் சோலை என்ற சொல்லைக் கொண்டே சோலிகோலா என்ற புதிய பேரினம் அவற்றுக்காக அமைக்கப்பட்டது. பெயர் பழையது என்பதற்காகப் பழைய கையேட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதில் உள்ள வயிறும் புருவமும் மாறவில்லை.

ஆண், பெண், இளம்பறவை என மூன்று உருவங்கள் ஒரே இனத்துக்கு இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கருமையான ஆண் குயிலையும் புள்ளிகள் நிறைந்த பெண் குயிலையும் இரண்டு இனமாக எண்ணித் தேடாத தொடக்கநிலையாளர் அரிது. அளவைப் பொறுத்தவரை, சென்டிமீட்டர் கணக்கைவிடச் சாலிம் அலி கையாண்ட வழியே எளிது: சிட்டுக்குருவி, சின்னான், மைனா, புறா, காக்கை, பருந்து ஆகியவற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பார்த்த பறவை எதைவிடப் பெரியது, எதைவிடச் சிறியது என்று சொல்லிப் பார்ப்பது. நூல் வாங்கும்போது, நீங்கள் பறவை பார்க்கப் போகும் நிலப்பகுதியை உள்ளடக்கிய நூல்களில் மிகச் சிறிய பரப்பைக் கொண்டதையே தேர்ந்தெடுங்கள். தென்னிந்தியாவுக்கு மட்டுமான நூல் கையில் இருந்திருந்தால், என் நண்பர் இமயமலைக்குள் போய் வழிதவறியிருக்க மாட்டார்.

பயிற்சிக்குத் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் சாலையோர மின்கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் கரிச்சான்களுக்கான பக்கத்தைத் திறந்தால், பிளவுபட்ட வாலுடைய கரிய பறவைகள் பல நிற்கும். சாதாரணக் கரிச்சானின் அலகு முடியும் வாயோரத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இருப்பதை ஓவியம் காட்டும். சாம்பல் கரிச்சானுக்கு அந்தப் புள்ளி இருக்காது, கண் செக்கச்சிவந்திருக்கும். அது குளிர்காலத்தில் மட்டும் தெற்கே வருவது, கம்பியைவிட மரவுச்சியை விரும்புவது. வயிற்றில் வெண்மை தெரிந்தால் உடனே வெள்ளை வயிற்றுக் கரிச்சான் என்று எழுதிவிட வேண்டாம். சாதாரணக் கரிச்சானின் இளம்பறவைக்கும் வயிற்றில் செதில் செதிலாக வெள்ளை இருக்கும். பைனாகுலரை அந்த வாயோரத்தில் நிறுத்திப் புள்ளியைத் தேடுங்கள். பறவை தலையைத் திருப்பும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். கரிச்சான் கம்பியை விட்டு அவ்வளவு எளிதில் போகாது.